பித்தளை அண்டாவில் செம்பருத்தி

1

எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டு மலருக்கு வெளியூரில் குடியேறியவர்களிடமிருந்து கட்டுரை கேட்கிறார்கள். சென்ற மலரில் மஸ்கட்டிலிருந்து ஒருவர் மணல்காற்றைப் பற்றியும், சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எச்சில் துப்பாமல் வாழப் பழகியதைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். இந்த முறை என்னையும் கேட்டிருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் இருப்பது பெங்களூரில், பொம்மனஹள்ளியில். குடியாத்தத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு என் வீட்டில் இருக்கலாம். விமானத்தையே நான் தலைக்கு மேலே பார்த்ததோடு சரி.

இருந்தாலும் நானும் எல்லை தாண்டியவன்தான் என்பதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருந்தது, என் மொபெட். தமிழ்நாட்டு நம்பர் பலகையோடு அதை இங்கே ஓட்டினால் போலீஸ்காரர் ஓரங்கட்டுவார். இங்கே பதிவு செய்யப் போனால், உன் ஊரிலிருந்து ஆட்சேபம் இல்லை என்று கடிதம் கொண்டுவா என்றார்கள். ஊருக்குப் போனால், வண்டி கர்நாடகத்தில்தான் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி எங்கே என்றார்கள். ஓட்டக் கூடாத இடத்தில் வண்டி இருக்கிறது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கடைசியில் அதை ஊரிலேயே என் மைத்துனனுக்குக் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். கால்களுக்கு இதுவரை யாரும் பதிவெண் கேட்கவில்லை.

மணல்காற்று இல்லாததால், இந்த ஏப்ரல் மாதம் எங்கள் சந்தில் நடந்ததை எழுதுகிறேன். அதில் மொத்தம் எலுமிச்சம்பழமும் செம்பருத்திப்பூவும்தான் இருக்கின்றன. மலர்க்குழு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறவன். திருகு, போல்ட், வாஷர் இவற்றை அலமாரியில் அடுக்குவதும், கேட்டால் இல்லை என்று சொல்வதும் என் வேலை. இந்த வருட ஆரம்பத்தில் கம்பெனி தன் ஒரு பிரிவை ஓசூருக்கு மாற்றுவதாக அறிவித்தது. விருப்பமுள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். அங்கே குடியிருக்க வீடும் தருவார்கள்.

என் மனைவி செல்வி அந்தச் செய்தியைக் கேட்ட நிமிடத்திலேயே மனதுக்குள் பாத்திரம் கட்ட ஆரம்பித்துவிட்டாள். ஓசூர் நம் பக்கம். பஸ்ஸில் போர்டு படிக்கலாம். காய்கறிக்காரனோடு சண்டை போடலாம். செல்விக்குச் சண்டை போடாமல் வாங்கிய காய் ருசிக்காது. இங்கே இத்தனை வருடமாகக் கேட்ட விலைக்கு வாங்கி, பேசாமல் சமைத்து, பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எங்கள் மகள் வித்யா ஒன்பதாவது முடித்திருந்தாள். பிறந்ததுதான் குடியாத்தம், மற்றதெல்லாம் இங்கேதான். வீட்டில் தமிழ் பேசுவாள். கோபம் வந்தால் கன்னடம். ரொம்பக் கோபம் வந்தால் ஆங்கிலம். அவள் ஆங்கிலத்துக்கு மாறியதும் நான் பேப்பரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவேன். எண்ணும்போது அவள் உதடு கன்னடத்தில்தான் அசையும். தமிழ் எழுத்து அவளுக்குக் கோலம் மாதிரி. அழகாக இருக்கிறது என்று சொல்வாள், படிக்க மாட்டாள்.

ஓசூர் பேச்சை எடுத்ததும் அவள் கேட்டாள்: "அங்க என்னை எந்த கிளாஸ்ல உக்கார வைப்பாங்கப்பா? டென்த்தா, ஒண்ணாங்கிளாஸா?"

ஆக, வீட்டில் ஒருத்தி போக வேண்டும், ஒருத்தி இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் சரி என்று பட்டது. வாஷர் மாதிரி இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு கிடப்பதுதானே என் தொழில்.

செல்வியின் பக்கம் நியாயம் இருந்தது. காவிரி விவகாரம் சூடாகும் மாதங்களில் எங்கள் டிவியில் தமிழ் சேனல்கள் காணாமல் போகும். செல்வி ஜன்னலைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசுவாள். வித்யாவிடம், "அம்மா" என்று தெருவிலிருந்து சத்தமாகக் கூப்பிடாதே என்பாள். கன்னடத்திலும் அம்மா அம்மாதான் என்று வித்யா சொன்னாலும் அவளுக்குப் பயம். எங்கள் சந்தில் யாரும் எங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனாலேயே குறை சொல்லவும் வழியில்லை. யாரும் எங்களை எதற்கும் கூப்பிட்டதும் இல்லை.

"கல்யாணத்துக்கு வந்துட்டு யார் வூட்டு ஆளுன்னு தெரியாம உக்காந்துகினு இருக்கற மாதிரி இருக்குது," என்றாள் ஒரு நாள். "சோறு போடறாங்க. எந்தப் பக்கம்னு கேக்கல. அவ்ளோதான்."

நான் வேடிக்கையாக ஏதாவது சொல்ல வாயெடுத்து, வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

ஒரு வெள்ளிக்கிழமை, அவள் சொன்னபடியே, ஓசூருக்கு வரச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வித்யா அன்றிலிருந்து எங்களோடு எந்த மொழியிலும் பேசவில்லை.

3

இனி செம்பருத்திக்கு வருகிறேன்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் காம்பவுண்டில் ஒரு செம்பருத்திச் செடி இருக்கிறது. ஒற்றை அடுக்கு, நல்ல சிவப்பு. வீட்டுக்காரர் பூ பறிக்க மட்டும் அனுமதி தந்திருந்தார். ஆணி அடிக்க அனுமதி இல்லை. செல்வி தலைக்கு எண்ணெய் காய்ச்சப் பறித்துவைப்பாள். வந்த புதிதில் ஒரு கோடைகாலம், திடீரென்று விருந்தாளி வந்துவிட்டார், வீட்டில் எலுமிச்சம்பழம் தவிர ஒன்றுமில்லை. வெறும் ஜூஸ் கொடுக்க வெட்கப்பட்டு, எண்ணெய்க்கு வைத்திருந்த பூவை வெந்நீரில் போட்டு ஒரு நிறம் வரவழைத்துக் கொடுத்தாள். விருந்தாளி இன்னொரு தம்ளர் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கோடைக்கு அதுதான். தலையில் தேய்த்து எனக்கு எந்தப் பலனும் கிடைக்கவில்லை என்பதை என்னைப் பார்த்தவர்கள் அறிவார்கள். வயிற்றுக்குள் போனதாவது பயன்பட்டது.

செய்முறை சுலபம், செலவும் இல்லை. பூவின் பச்சைக் காம்பையும், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டையும் கிள்ளி எறிந்துவிட்டு இதழ்களை மட்டும் அலச வேண்டும். கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு மூடிவைக்க வேண்டும். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் கொழகொழவென்று ஆகிவிடும். இதழ் வெளுத்து, பழைய துணி மாதிரி ஆனதும் வடிகட்டி, சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, தட்டிய இஞ்சி. ஆறிய பிறகு, குடிக்கிற நேரத்தில் எலுமிச்சை. சாயங்காலம் பூக்காரி மிச்சத்தைத் தள்ளிவிடும் நேரத்தில் வாங்கினால் பன்னீர் ரோஜா சல்லிசாகக் கிடைக்கும். நாலு இதழ் அதையும் சேர்த்துப் போட்டால் தம்ளரைப் பக்கத்தில் கொண்டுவரும்போதே மணக்கும்.

வித்யா மட்டும் குடிக்க மாட்டாள். சின்ன வயதில் தம்ளர் தம்ளராகக் குடித்தவள்தான். இப்போது அவளுக்குக் கடையில் மூடி திறந்தால் புஸ்ஸென்று சத்தம் வருகிற பாட்டில் வேண்டும். தோழிகள் வீட்டுக்கு வந்தால் அம்மாவின் தம்ளர்களை உள்ளே தள்ளிவிட்டு, என் சட்டைப்பையைப் பார்ப்பாள். நானும் கடைக்கு நடப்பேன்.

4

எங்கள் சந்து முனையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். ராமநவமி அன்று அங்கே பந்தல் போட்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் கொடுப்பார்கள். கோசம்பரி என்றால் ஊறவைத்த பயத்தம்பருப்பில் வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டது. பெங்களூரில் அன்றைக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் வயிறு நிறைந்துவிடும்; நான் சில வருடம் வேண்டுமென்றே பல தெருக்களில் நடந்திருக்கிறேன். எங்கள் சந்தில் ஒரு வீட்டில் பானகம், ஒரு வீட்டில் மோர், ஒரு வீட்டில் கோசம்பரி என்று பிரித்துச் செய்வார்கள். நாங்கள் இத்தனை வருடமும் குடிக்கிற பக்கத்தில் இருந்தவர்கள்.

இந்த வருடம், பானகம் செய்கிற வீட்டம்மா மகளின் பிரசவத்துக்காக மைசூர் போய்விட்டார். பண்டிகைக்கு முதல் நாள் ஜெயம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். ஜெயம்மா ஜாக்கெட் தைப்பவர். கழுத்தில் அளவு நாடா இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. சந்தின் எல்லாக் காரியமும் அவர் சொல்படி. செல்விக்கும் அவர்தான் தைப்பார். இரண்டு பேரும் இத்தனை வருடமாகக் கை நீளத்தையும் கழுத்து இறக்கத்தையும் தாண்டிப் பேசியதில்லை.

"செல்வி, ஈ சல பானக நிம்ம மனேது," என்றார். இந்த முறை பானகம் உங்கள் வீட்டில். சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

உள்ளே வந்த செல்வி முறத்தில் அரிசியைக் கொட்டிப் புடைத்தாள். அது ஏற்கெனவே புடைத்த அரிசி.

அவளுடைய கவலையை அப்புறம் சொன்னாள். வெல்லப் பானகம் எங்கள் வீட்டில் பழக்கமில்லை. இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறவர்கள். ஏலக்காய் கூடிப்போச்சு, வெல்லம் குறைஞ்சுபோச்சு என்று ஒரு வாயிலேயே கண்டுபிடிப்பார்கள். தெரியாததைச் செய்து பேர் கெடுத்துக்கொள்வதைவிடத் தெரிந்ததைச் செய்வது மேல். போகப்போகிற ஊர்தானே, என்ன சொன்னால் என்ன என்றும் சொல்லிப் பார்த்தாள். அந்த வாக்கியத்தை அவள் குரலே நம்பவில்லை.

இன்னொரு கவலை இருந்தது, அதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் கையால் கொடுத்தால் குடிப்பார்களா என்பது. ஊரிலும் எங்களுக்கு அந்தக் கவலை உண்டு என்பது இந்த மலரைப் படிக்கிறவர்கள் சிலருக்குத் தெரியும். மொழி மாறினால் அது மறைந்துவிடும் என்று நினைத்து நான் ரயில் ஏறினேன். ரயிலில் அதற்கும் டிக்கெட் இல்லாமல் இடம் கிடைத்துவிடுகிறது.

செல்வி போய் ஜெயம்மாவிடம் கேட்டாள்: வெல்லத்துக்குப் பதில் பூப்போட்ட எலுமிச்சைப் பானகம் செய்யட்டுமா? ஜெயம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, குளிர்ச்சியாக இருந்தால் சரி என்றாராம்.

விஷயம் தெரிந்து, எங்களோடு பேசாமலிருந்த வித்யா பேசினாள். "எல்லாரும் பண்ற மாதிரி பண்ணும்மா. ப்ளீஸ். ஒரு நாளாவது நம்ம வீடு வேற மாதிரி இல்லாம இருக்கட்டும்."

"எல்லாரும் பண்ற மாதிரி எனக்குப் பண்ண வராதும்மா," என்றாள் செல்வி.

5

மறுநாள் விடிந்ததும் சந்து முழுக்கச் செம்பருத்தி சேர்த்தோம். அவரவர் வாசலில் பூத்ததைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். பூ கொடுப்பதில் யாருக்கும் தயக்கம் இல்லை. சமையலறைத் தரை முழுவதும் சிவப்பு. நான் காம்பு கிள்ளினேன். செல்வி நான் கிள்ளியதை மறுபடி கிள்ளினாள்.

என்னிடம் ஒப்படைத்த வேலை தண்ணீர். எங்கள் பக்கம் குழாயில் காவிரி வருவது அபூர்வம். வந்தால் குடிக்க மட்டும் பிடித்துவைப்போம். மற்றதெல்லாம் லாரியில் வரும் போர்வெல் தண்ணீர், துணிக்கு சோப்பு நுரைக்காத தண்ணீர். காவிரியைப் பற்றி ஊருக்குப் போனாலும் என்னிடம் கருத்துக் கேட்கிறார்கள், இங்கேயும் கேட்கிறார்கள். எனக்கு ஒரு குடம் கிடைத்தால் போதும், கருத்து எதுவும் கிடையாது. அன்றைக்கு வீட்டில் இருந்த காவிரி, ஒரு சந்துக்கு எப்படிப் போதும்? மிச்சத்துக்கு லாரித் தண்ணீரைக் காய்ச்சினேன். தண்ணீருக்கு என்ன தண்ணீர் என்று நினைத்தேன்.

அடுத்தது பாத்திரம். பானகம் கோயிலின் பித்தளை அண்டாவில்தான் பந்தலுக்கு வர வேண்டும், அது சந்தின் வழக்கம். அண்டாவுக்கு உள்ளே பூசிய ஈயம் தேய்ந்துபோயிருந்தது. எலுமிச்சை பட்டால் களிம்பு ஏறும், குடிக்கிறவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். அதனால் பூத்தண்ணீர் மட்டும் அண்டாவில். கோயில் பின்பக்கம் வைத்து, எவர்சில்வர் ஜக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு, எலுமிச்சை பிழிந்து, அப்புறம்தான் பந்தலுக்குக் கொண்டுபோக வேண்டும். இதெல்லாம் செல்வியின் திட்டம். இதை எனக்கு அவள் தெளிவாகச் சொன்னதாகச் சொல்கிறாள். சொல்லியிருப்பாள். நான் அப்போது தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் புடவை மாற்ற உள்ளே போன நேரத்தில், ஜெயம்மாவின் மகனும் நானுமாக அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய், பந்தலில் மேசையின் நட்டநடுவில் வைத்தோம். கூட்டம் சேர்ந்திருந்தது. ஆட்டோக்காரர்கள் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். வித்யா தோழிகளோடு நின்றிருந்தாள். நான் தொண்டையைக் கனைத்துவிட்டு, கல்யாண மண்டபத்தில் சமையல்காரர் திறப்பதுபோல் மூடியைத் தூக்கினேன்.

உள்ளே நீலமாக இருந்தது. சுத்த நீலமும் இல்லை. நீலத்தில் சாம்பலைக் கரைத்த மாதிரி. பள்ளிக்கூடத்தில் மை பாட்டிலைக் கழுவி ஊற்றிய பக்கெட்டுக்கு அந்த நிறம் உண்டு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செம்பருத்தித் தண்ணீர் எலுமிச்சை சேரும்வரை ஊதாவாகத்தான் இருக்கும். புளிப்புப் பட்டால்தான் சிவக்கும். லாரியில் வருவது மாதிரி உப்புத் தண்ணீரானால் ஊதா இன்னும் கறுத்து நீலத்துக்குப் போய்விடும். இந்த மாற்றமெல்லாம் எங்கள் சமையலறைக்குள் நடந்து முடிந்துவிடுவதால், இத்தனை வருடம் குடித்த எனக்கே அதன் பிறந்த நிறம் தெரியாது.

தம்ளரை நீட்டியிருந்த ஓர் ஆட்டோக்காரர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஜெயம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏன்ரீ இது, இங்க்கா?" என்ன இது, மையா?

யாரோ சிரித்தார்கள். யாரோ சிரித்தவரை அடக்கினார்கள். சிரிப்பைவிட அதுதான் சுருக்கென்றது. வித்யாவைத் தேடினேன். அவள் தோழிகளின் பின்னால் போய், ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வாயில் எப்போதும் தயாராக இருக்கும் வேடிக்கை எதுவும் அன்றைக்கு வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் தமிழில் இருந்தன.

அந்த நேரத்தில் செல்வி, எலுமிச்சம்பழக் கூடையும் கத்தியுமாக வந்தாள். அண்டாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி இந்த மலரில் எழுத முடியாது.

அவள் திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளிடம் அதற்குக் காரணம் இருந்தது, ஊரும் இருந்தது, ஓசூரில் வீடும் இருந்தது. அவள் கூடையை மேசையில் வைத்தாள். ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்து, அந்த நீலத்தை மொண்டு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"ஸ்வல்ப தாளி," என்றாள். கொஞ்சம் பொறுங்கள். சந்தில் அவள் குரல் அந்த உயரத்துக்குப் போய் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "நோடி. இல்லி நோடி." இங்கே பாருங்கள்.

அரைப் பழத்தைத் தம்ளர் மேல் பிழிந்தாள். சாறு விழுந்த இடத்திலிருந்து சிவப்பு இறங்கியது. புகை மாதிரி இறங்கி, சுழன்று, அடியில் கொஞ்ச நேரம் ஊதாவாக நின்று, பிறகு தம்ளர் முழுக்க ரோஜா நிறமானது. செல்வி அதை அண்ணாந்து தானே குடித்தாள். மொத்தத்தையும். வாயைத் துடைத்துக்கொண்டு ஜெயம்மாவைப் பார்த்தாள்.

ஜெயம்மா அளவு நாடாவைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, கையை நீட்டினார். அவருடைய தம்ளரிலும் பிழிந்தாள். அதுவும் சிவந்தது. ஜெயம்மா குடித்துவிட்டு நிதானமாக, வெல்லப் பானகம் குடித்தால் நாக்கில் பிசுபிசுக்கும், இது பிசுபிசுக்கவில்லை என்று அறிவித்தார்.

அதற்குப் பிறகு வரிசையைச் சமாளிக்க முடியவில்லை. ஜக்கில் கலந்து கொடுத்தால் யாருக்கும் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் தன் தம்ளர் தன் கண்ணெதிரில் சிவக்க வேண்டும். குழந்தைகள் குடித்த கையோடு மறுபடி வரிசையின் வாலில் போய் நின்றார்கள். முதலில் கையை இழுத்துக்கொண்ட ஆட்டோக்காரர் தன் ஸ்டாண்டையே கூட்டிவந்தார். செல்வி "ஸ்வல்ப தாளி, எல்லாரிகூ இதெ" என்று சொல்லிக்கொண்டே பிழிந்தாள். எல்லாருக்கும் இருக்கிறது. அவளுக்குத் தெரிந்த கன்னடம் மொத்தமும் அன்றைக்குத் திரும்பத் திரும்பச் செலவானது, குறையவில்லை.

பழம் தீர்ந்துகொண்டிருந்தபோது, ஸ்கூட்டர் கண்ணாடியை விட்டுவிட்டு வித்யா வந்தாள். என் சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடி, எலுமிச்சம்பழத்தோடு வந்து, இன்னொரு கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். அவளுடைய தோழி ஒருத்தி, இது எப்படி நிறம் மாறுகிறது என்று கன்னடத்தில் கேட்டாள். வித்யா அமிலம், காரம் என்று பள்ளிக்கூடப் பாடத்தை ஒப்பித்துவிட்டு, கடைசியில் சொன்னாள்: "நம்ம அம்மன்து ஐடியா." எங்கள் அம்மாவின் யோசனை.

செல்விக்கு அது புரிந்தது. பழத்தைக் கொஞ்சம் பலமாகப் பிழிந்தாள்.

6

சாயங்காலம் அண்டாவைத் தேய்த்துக் கோயிலில் ஒப்படைத்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். செல்வியின் விரல் இடுக்கெல்லாம் எலுமிச்சை எரிந்தது, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் வெற்றியைக் கொண்டாடும் மனநிலையில் இருந்தேன். மூடியை நான் திறக்காமல் இருந்திருந்தால் இத்தனை பேர் கூடியிருப்பார்களா என்றுகூட ஆரம்பித்தேன்.

அவள் காதில் வாங்கவில்லை. "கடைசி வூட்டு ராமராவ் குடிக்கல, பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். சந்தின் கோடி வீட்டில் இருப்பவர், தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் வந்தார், கோசம்பரி வாங்கினார், மோர் வாங்கினார், செல்வியின் மேசையைக் கடக்கும்போது யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிக்கொண்டே போனார். யாரும் கூப்பிடவில்லை.

"சர்க்கரை வியாதியா இருக்கும்," என்றேன்.

"இருக்கும்," என்றாள். எண்ணெய்க் கிண்ணத்தை மூடினாள். "இல்லாமயும் இருக்கும்."

உள்ளே வித்யா, தோழி ஒருத்தியோடு போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓசூர் வோணாம்ங்க," என்றாள் செல்வி.

நான் அவளையே பார்த்தேன். அந்த வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்த பேனா இன்னும் என் சட்டைப்பையில் கசிந்துகொண்டிருந்தது. எதற்காக என்று கேட்டேன். சந்து நம்மைச் சேர்த்துக்கொண்டது என்று சொல்வாள், நானும் ஆமாம் என்று சொல்லலாம் என்று எதிர்பார்த்தேன்.

"அடுத்த வருசமும் நாந்தான் பண்ணணும்னு ஜெயம்மாக்கா சொல்லிட்டாங்க. அவரு அப்பவாவது குடிக்கறாரா இல்லியான்னு பாக்கணும். இப்பப் போயிட்டா தெரியாமலே போயிடும் இல்ல?"

"அடுத்த வருஷமும் குடிக்கலன்னா?"

"அதுக்கு அடுத்த வருசம் இருக்குது."

இத்தனை வருடம் அவள் இந்தச் சந்தில் விருந்தாளியாக இருந்தாள். விருந்தாளிக்கு யார் சாப்பிட்டார், யார் சாப்பிடவில்லை என்ற கவலை இல்லை. பரிமாறுகிறவளுக்குத்தான் அது. ஒருவர் குடிக்காமல் போனதில் ஓர் ஊரை விட்டுப் போகவும் காரணம் இருக்கிறது, ஊன்றி உட்காரவும் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நானாக இருந்தால் முதலாவதை எடுத்திருப்பேன்.

7

திங்கள்கிழமை பர்சனல் ஆபீசரைப் பார்த்து, சம்மதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். காரணம் கேட்டார். குடும்பக் காரணம் என்றேன். என்ன குடும்பக் காரணம் என்றார். எங்கள் தெருவில் ஒருவர் எலுமிச்சை ஜூஸ் குடிக்கவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பட்டியல் மேலே போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வேண்டுமானால் ஓசூரில் வீடு எடுக்காமல், இங்கிருந்தே கம்பெனி பஸ்ஸில் போய் வாருங்கள் என்றார். ஆகவே இப்போது நான் காலையில் தமிழ்நாட்டுக்கு வேலைக்குப் போய், மாலையில் கர்நாடகத்துக்கு வீடு திரும்புகிறேன். பஸ்ஸில் தூங்கிவிடுவதால், எந்த இடத்தில் எந்த மாநிலம் ஆரம்பிக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

முதல் நாள் காலை மட்டும் விழித்திருந்தேன். பஸ் எங்கள் சந்து முனையில் வந்து நின்றபோது தண்ணீர் லாரியும் வந்து நின்றிருந்தது. குடங்கள் வரிசை கட்டியிருந்தன. வரிசைக்கு நடுவில் செல்வி, முழங்கை வரை நனைந்து, லாரிக்காரரோடு கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ராமராவ் தன் பிளாஸ்டிக் வாளியோடு பக்கவாட்டிலிருந்து குழாய்க்கு அருகே வந்தார். செல்வி திரும்பாமலே கையை நீட்டி அவர் வாளியைத் தடுத்தாள். "லைன்னல்லி பன்னி," என்றாள். வரிசையில் வாருங்கள். அந்தக் கன்னடத்தில் எத்தனை பிழையோ, எனக்குத் தெரியாது. ராமராவுக்குத் தெரிந்திருக்கும். அவர் வாளியை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.

நான் ஜன்னலிலிருந்து கையாட்டினேன். அவளுக்குப் பார்க்க நேரமில்லை.